விதைப் பொட்டலம் வேண்டாம், ஒரு தண்டு போதும்

பெப்பர்மின்ட் புதினாவை விதையிலிருந்து வளர்க்க முடியாது. தோட்டக்கலை தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. மாணவர் நிகழ்ச்சிகளுக்கு அன்பளிப்புப் பை தயாரிப்பவர்களுக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை என் கைக்கு அந்தப் பெட்டி வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரக் குவளை, வில்லையாக அழுத்திய தேங்காய் நார்த்தூள், 'பெப்பர்மின்ட்' என்று அச்சிட்ட சிறு விதைப் பொட்டலம், பூமியைக் காக்கச் சொல்லும் ஓர் அட்டை. அறிமுக முகாமில் ஒன்று, மனநல வாரத்தில் ஒன்று, சுற்றுச்சூழல் கண்காட்சியில் ஒன்று. கொடுத்தவர்கள் வெவ்வேறு குழுக்கள். பெட்டி மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவற்றை வாங்கிச் சென்ற நண்பர்கள் பலரிடம் பிறகு விசாரித்தேன். சிலருக்கு எதுவுமே முளைக்கவில்லை. சிலருக்கு மெல்லிய நாற்றுகள் வந்து இரண்டு வாரத்தில் சாய்ந்துவிட்டன. ஒருவருக்கு மட்டும் செடி நன்றாக வந்தது. ஆனால் இலையைக் கசக்கினால் பெப்பர்மின்ட்டின் குளிர்ச்சி இல்லை. பிரியாணிக்குப் போடும் புதினாவின் மணம்தான் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் கடைசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்குக் கைராசி இல்லை."

அந்த வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. இருபது வயதில் ஒருவர் தன் கையில் எந்தச் செடியும் பிழைக்காது என்று முடிவு கட்டிவிட்டால், அதன்பிறகு அவர் தொட்டி வாங்கப் போவதில்லை. குறை கையில் இல்லை. பொட்டலத்தில் இருக்கிறது.

72 என்ற எண்

பெப்பர்மின்ட் ஒரு கலப்பினம். நீர்நிலை ஓரங்களில் வளரும் நீர்ப்புதினாவும், நாம் சந்தையில் வாங்கும் ஸ்பியர்மின்ட் புதினாவும் கலந்து உருவானது. தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படித்தவர்கள் இந்தக் கணக்கை எளிதில் போட்டுவிடுவார்கள். நீர்ப்புதினாவுக்கு 96 குரோமோசோம்கள், ஸ்பியர்மின்ட்டுக்கு 48. இரண்டும் பாதிப் பாதி கொடுத்தால் 48ம் 24ம் சேர்ந்து 72. பெப்பர்மின்ட்டில் பொதுவாகக் காணப்படும் எண்ணிக்கை இதுதான்.

இரு வேறு இனங்களிலிருந்து வந்த இந்தக் குரோமோசோம்கள் ஒழுங்காக இணை சேர்வதில்லை. அதனால் மகரந்தமும் சூலும் சரிவர உருவாவதில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை குட்டி போடாததைப் போன்ற நிலைமை. பெப்பர்மின்ட் பூக்கும், முளைக்கக்கூடிய விதை அநேகமாகத் தராது. அரிதாக ஒரு விதை கிடைத்து முளைத்தாலும், தாய்ச்செடியின் மணமும் குணமும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் பொட்டலத்தில் இருப்பது என்ன? பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் விதையாக இருக்கும், அல்லது வேறு ஏதாவது புதினா வகையின் விதையாக இருக்கும். என் நண்பர் ஒருவருக்குக் கிடைத்த 'பிரியாணி மணம்' இதனால்தான் வந்திருக்க வேண்டும்.

பெப்பர்மின்ட் பரவுவதற்கு உள்ள வழி ஒன்றுதான். ஒரு செடியிலிருந்து ஒரு தண்டை வெட்டி இன்னொரு இடத்தில் நட வேண்டும், அல்லது மண்ணோடு படரும் அதன் ஓடுதண்டைப் பிரித்து நட வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஜான் ரே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் செடியைப் பற்றி எழுதினார். லின்னேயஸ் 1753ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். லண்டனில் உள்ள மிட்சம் என்ற ஊர் ஒரு காலத்தில் பெப்பர்மின்ட் வயல்களுக்குப் பேர்போனது. அங்கிருந்த வகை பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றது. 'பிளாக் மிட்சம்' என்று இன்றும் அந்த ஊரின் பெயரையே சுமந்து நிற்கிறது. அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் விதையாக அல்ல, செடியின் துண்டாகத்தான். ஒருவர் வெட்டிக் கொடுத்ததை இன்னொருவர் நட்டதால் மட்டுமே இந்தச் செடி இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

தாழ்வாரத்தில் கிடைத்தது

என் வீட்டில் இப்போது இருக்கும் பெப்பர்மின்ட்டும் அப்படி வந்ததுதான். உட்லண்ட்சில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் தளத்தின் கோடி வீட்டு மக்சிக் பல ஆண்டுகளாகச் செடி வளர்க்கிறார். பாண்டான், செரை, கறிவேப்பிலைக்கு நடுவில் ஊதா நிறத் தண்டோடு ஒரு புதினா. ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தொட்டிகளைக் கடந்துதான் மின்தூக்கிக்குப் போய்வருகிறேன். அவரோடு என் பேச்சு அதுவரை ஒரு புன்னகையைத் தாண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள் அது என்ன செடி என்று கேட்டேன். "புதினா," என்றார். மலாயிலும் அது புதினாதான். பாரசீக மொழியிலிருந்து இந்தியாவுக்கு வந்து, நம் மொழியிலும் அவர் மொழியிலும் ஒரே ஒலியோடு உட்கார்ந்துகொண்ட சொல். சந்தையில் வாங்குவதைவிட இது காரமானது என்று சொல்லி ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார். மறுநாள் காலை, ஈரத் தாளில் சுற்றிய நான்கு தண்டுகளை எங்கள் வீட்டுக் கதவுப்பிடியில் பையோடு மாட்டிவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்லப் போனபோது ஒரே ஓர் அறிவுரைதான் தந்தார்: "வெட்டிக்கொண்டே இரு, அடிக். வெட்டாவிட்டால் அது சோம்பேறியாகிவிடும்."

நான்கில் மூன்று வேர்விட்டன. இந்த ஓராண்டில் என் தொட்டியிலிருந்து ஏழு பேர் தண்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். தகரக் குவளைக்காரர்கள் இருவரும் அதில் அடக்கம். அவர்களுக்கும் இப்போது கைராசி வந்துவிட்டது.

வளர்ப்பது எப்படி?

பெரிய வித்தை எதுவும் இல்லை. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய 10 சென்டிமீட்டர் தண்டு ஒன்றை எடுத்து, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் கணுக்களில் வெள்ளை வேர் தெரியும். வேர் இரண்டு விரற்கடை வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. புதினா பக்கவாட்டில் படரும் செடி. அதே காரணத்தால் அதற்குத் தனித்தொட்டி வேண்டும். மற்றச் செடிகளோடு சேர்த்து நட்டால் அவற்றின் இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும். நண்பகல் வெயிலில் இலை ஓரம் கருகும். மேல்மண் விரலுக்குக் காய்ந்து தெரிந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இலையின் அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்கு பீய்ச்சிக் கழுவி வந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இங்கே நமக்கென்று இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, டெங்கி. வேர்விட வைத்திருக்கும் குவளையும், தொட்டிக்கு அடியிலுள்ள தட்டும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடங்கள். முட்டை கொசுவாக மாற நம் வெப்பத்தில் ஒரு வாரம் போதும். குவளைத் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள், தட்டே வேண்டாம். இரண்டாவது, தாழ்வாரம். தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்த வழிதான். செடிக்காகச் சண்டை வருவதைவிட, சன்னல் ஓரத்தில் ஒரே ஒரு தொட்டி வைத்துக்கொள்வது மேல்.

பறிக்கத் தயங்க வேண்டாம்

செடி வளர்க்கத் தொடங்கும் பலர் அறுவடையில்தான் தடுமாறுகிறார்கள். ஆசையாக வளர்த்ததை வெட்ட மனம் வருவதில்லை. பெப்பர்மின்ட்டைப் பொறுத்தவரை அந்த இரக்கம் செடிக்கு நல்லதல்ல.

இது குளிர்ந்த நாட்டுச் செடி. பூப்பதற்கு நீண்ட பகல் வேண்டும். குளிர்நாட்டுப் பண்ணைகளில் பூக்கத் தொடங்கும் பருவம் பார்த்து அறுப்பார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். அதனால் இங்கே அது பெரும்பாலும் பூக்காது. பூவுக்காகக் காத்திருந்தால் தண்டு ஒல்லியாக நீண்டு, இலை சிறுத்து, தொட்டிக்கு வெளியே தொங்கும். மக்சிக் 'சோம்பேறி' என்றது இதைத்தான்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் சோடியாக எதிரெதிரே இருக்கும். அந்தச் சோடிக்குச் சற்று மேலே வெட்டினால், இரண்டு இலைகளின் கக்கத்திலிருந்தும் புதுத் துளிர் வரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. வெயில் ஏறுவதற்கு முன், காலையில் பறித்தால் மணம் நன்றாக இருக்கும்.

வெட்டிய நுனிகளில் இலையைத் தேநீருக்கு எடுத்துக்கொள்ளலாம். அல்லது தண்டையே இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அறுவடையும் அன்பளிப்பும் ஒரே வெட்டில் முடியும் செடி இது.

தேநீருக்கு எட்டுப் பத்து இலைகள் போதும். கொதித்து அடங்கிய நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இலைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பது கடினம், பூஞ்சை பிடிக்கும். மிஞ்சியதைப் பனிக்கட்டித் தட்டில் தண்ணீரோடு உறையவைத்துவிடலாம். துவையலுக்கும் பிரியாணிக்கும் மட்டும் இதைப் போடாதீர்கள். மெந்தால் மிகுந்த இலை; வாயில் சோறு தைலம்போல் இருக்கும். அதற்குச் சந்தைப் புதினாவே சரி. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இந்தத் தேநீரைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மெந்தால் வாயின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பின் வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளை அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த வாயிலைக் கண்டறிய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் தனித்தனியே மெந்தாலைத்தான் பயன்படுத்தினார்கள். 2021ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. உயிரியல் பாடத்தில் படிக்கும் நரம்பு அணுவை ஒரு தொட்டிச் செடியின் இலையில் சோதித்துப் பார்க்கலாம்.

"இதெல்லாம் தேவையா?"

இந்தக் கேள்வியை நண்பர்கள் என்னிடம் நேரடியாகவே கேட்டார்கள். சந்தையில் சில்லறைக் காசுக்கு ஒரு கட்டுப் புதினா கிடைக்கிறதே என்றார்கள். உண்மை. பணம் மிச்சமாகும் என்று நான் வாதாடப் போவதில்லை. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. ஒரு தொட்டிப் புதினா அந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாது. உணவுப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லை இந்தச் சிறிய தொட்டியின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

விதைகளே வேண்டாம் என்பதும் என் கருத்தல்ல. 2020ல் கொவிட் காலத்தில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதைகளை அனுப்பியது. கீரைக்கும் காய்க்கும் அது பொருத்தமான வழி. அவை விதையில் முளைப்பவை. கங்கோங்கும் தக்காளியும் பொட்டலத்தில் வரலாம். பெப்பர்மின்ட் வர முடியாது.

இன்னொரு நண்பர், நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர், வேறு விதமாகச் சொன்னார். "அது ஓர் அடையாளம்தானே. முளைத்தால் என்ன, முளைக்காவிட்டால் என்ன?" இந்தப் பதிலோடு என்னால் உடன்பட முடியவில்லை. முளைக்காத விதையைக் கொடுத்து இயற்கையை நேசிக்கச் சொல்வது, மை இல்லாத பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்வதற்குச் சமம். மனநல வாரத்தில் அதைக் கொடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். தேர்வு நெருக்கடியில் இருக்கும் மாணவர் ஒருவர் வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெறும் நார்த்தூளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆறுதல் தருவதற்காகக் கொடுத்த பொருள் அவருக்கு இன்னொரு தோல்வியைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தத் தகரமும் அட்டையும் பொட்டலமும் கடைசியில் குப்பைக் குழாய்க்குத்தான் போகின்றன. சுற்றுச்சூழல் பெயரில் ஒரு குப்பை.

இப்படிச் செய்து பார்க்கலாம்

குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை. மாணவர் சங்கங்களிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. அடுத்த முறை 200 பெட்டிகளுக்குக் கொள்முதல் படிவம் நிரப்புவதற்குப் பதிலாக, மூன்று நான்கு தாய்ச்செடிகளை இரண்டு மாதத்துக்கு முன்பே வளர்க்கத் தொடங்குங்கள். நிகழ்ச்சியன்று ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், ஈரத் தாள். விருப்பமுள்ள 20 பேருக்கு ஆளுக்கொரு தண்டு. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: இரண்டு மாதம் கழித்து இந்தச் செடியிலிருந்து இரண்டு பேருக்குத் தண்டு கொடுக்க வேண்டும்.

எல்லாம் பிழைக்காது. பாதி பிழைத்தாலும் 10 செடிகள், இரண்டு மாதத்தில் அவை கொடுக்கும் 20 தண்டுகள். மீண்டும் அதே எண்ணிக்கையோடு அடுத்த சுற்று தொடங்கும். செலவு ஏறக்குறைய இல்லை. எண்ணிக்கை குறைவுதான், 200 பேருக்குக் கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுத முடியாது. ஆனால் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். செடி வாடினால் யாரைக் கேட்பது என்று தெரிந்திருக்கும். அட்டையில் அச்சிட்ட வளர்ப்புக் குறிப்பால் அதைச் செய்ய முடியாது.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அம்மா வாங்கி வரும் புதினாக் கட்டில் தடித்த தண்டாக இரண்டைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அது ஸ்பியர்மின்ட், வளர்க்கும் முறை ஒன்றுதான். காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டிய இலை என்றால் அது ஸ்பியர்மின்ட். சிறிய காம்பும், அடர்ந்த பச்சையும், தண்டில் ஊதாச் சாயலும் இருந்தால் பெப்பர்மின்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கசக்கி முகர்ந்தால் சந்தேகம் தீரும். மூக்கில் குளிர் ஏறும்.

பெப்பர்மின்ட்தான் வேண்டும் என்பவர்கள் செடிக்கடையில் தொட்டியாகவே வாங்கலாம். அதற்கு முன் உங்கள் தளத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தால் தீவெங்கும் குடியிருப்புகளுக்கு நடுவே சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. மாலையில் போனால் யாராவது பெரியவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். கேட்காமல் கிள்ளாதீர்கள், அது அவருடைய உழைப்பு. கேட்டால் பெரும்பாலும் கத்தரிக்கோலோடுதான் வருவார். வாங்கிய தண்டு வேர்விட்டதும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.